சுவர் எழுப்பினால் வரத்து குறையுமா? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்கா–மெக்சிகோ எல்லைச் சுவரால் சட்டவிரோதக் குடியேற்றம் குறைந்ததா, இல்லையா?

பதில்: சுவர் எழுந்த இடத்தில் குறைந்தது, எல்லை முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் குறையவில்லை. 1994இல் சான் டியாகோ பகுதியில் வேலியோடு காவலர்களையும் பெருமளவில் நிறுத்தத் தொடங்கினார்கள். அந்த ஆண்டில் ஏறத்தாழ 4,50,000 ஆக இருந்த பிடிபட்டோர் எண்ணிக்கை, 2001இல் சுமார் 1,10,000க்கு இறங்கியது. இதை மட்டும் காட்டி வெற்றி என்போர் அரிசோனாவின் டூசான் பகுதியைக் கண்டுகொள்வதில்லை. அங்கே 1994இல் சுமார் 1,39,000 ஆக இருந்தது 2000இல் 6,16,000ஐத் தாண்டியது. தென்மேற்கு எல்லை முழுவதிலும் அதே காலத்தில் 9,80,000 என்பது 16,40,000 ஆக உயர்ந்தது. ஒருவரே பலமுறை பிடிபடுவதும் உண்டு என்பதால் இவை தலைக்கணக்கு அல்ல. ஆனாலும் வரத்து திசைமாறியது தெளிவு. அப்படித் திசைமாறிப் பாலைவனத்தில் நடந்தவர்களில் பலர் வெப்பத்தாலும் தாகத்தாலும் மாண்டனர்.

கேள்வி: இஸ்ரேல் எகிப்து எல்லையில் வேலியிட்டதும் வரத்து அடியோடு நின்றதே?

பதில்: உண்மைதான். 2011இல் 17,000 பேருக்கு மேல் நுழைந்த அந்த எல்லையில் 2013இல் ஐம்பது பேர்கூட நுழையவில்லை. ஆனால் அந்த வேலியின் நீளம் சுமார் 240 கிலோமீட்டர்தான்; எல்லை முழுவதும் அடைபட்டதால் சுற்றிப்போக வழியில்லை. நுழைவோரை மூன்றாண்டு வரை அடைத்துவைக்கும் சட்டமும் 2012இல் நடைமுறைக்கு வந்தது. அதை 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, குறைந்த கால அடைப்புக்கான சட்டம் வந்த பிறகும் பழைய வரத்து திரும்பவில்லை என்பதால், வேலிக்கே பெரும்பங்கு என்று கருதுகிறேன். மெக்சிகோ எல்லையோ 3,100 கிலோமீட்டருக்கும் மேல்.

கேள்வி: அடைக்கலம் கேட்டு வருவோரைச் சுவர் தடுக்குமா?

பதில்: ஒளிந்து செல்பவரைத் தாமதப்படுத்தலாம், காவலரைத் தேடிவந்து சரணடைபவரிடம் அதற்கு வேலை குறைவு. டெக்சஸில் எல்லையாக ஓடும் ரியோ கிராண்டே ஆற்றின் வெள்ளத்தாலும், வெள்ளப்போக்கைத் தடுக்கக் கூடாதென்று மெக்சிகோவுடன் செய்த 1970 ஒப்பந்தத்தாலும், சுவரைக் கரையிலிருந்து உள்ளே தள்ளியே கட்டியிருக்கிறார்கள். ஆற்றைக் கடந்தவர் சுவரை எட்டும் முன்பே அமெரிக்க மண்ணில் நிற்கிறார். 2023 டிசம்பரில் ஏறத்தாழ 2,50,000 பேர் பிடிபட்ட மெக்சிகோ எல்லை முழுவதிலும் 2025 மார்ச்சில் சுமார் 7,200 பேரே பிடிபட்டனர். இடையில் சுவர் பெரிதாக வளரவில்லை. அடைக்கல விதிகளும் மெக்சிகோவின் கெடுபிடியும்தான் மாறின.

கேள்வி: விசா முடிந்தும் தங்கிவிடுவோர்?

பதில்: அவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் முறையாக வந்திறங்கியவர்கள். சுவரை அவர்கள் பார்த்ததே இல்லை.

கேள்வி: அண்டை நாடு ஒத்துழைக்காவிட்டால்?

பதில்: மொராக்கோவை ஒட்டிய ஸ்பெயின் நகரமான செயுத்தாவைப் பாருங்கள். உயரமான இரட்டை வேலி அங்கே பல ஆண்டுகளாக நிற்கிறது. மேற்கு சகாராவை மொராக்கோவிடமிருந்து விடுவிக்கப் போராடும் இயக்கத்தின் தலைவருக்கு ஸ்பெயின் சிகிச்சையளித்ததால் பிணக்கு மூண்டு, 2021 மே மாதத்தில் மொராக்கோ காவலர்கள் கண்டும் காணாமல் இருந்தபோது, வேலியின் முனையைக் கடல்வழியே நீந்தியும் நடந்தும் சுற்றிக்கொண்டு, இரண்டே நாட்களில் ஏறத்தாழ 8,000 பேர் உள்ளே வந்தார்கள்.