பாண்டாஸா போலார்ஸா, திரெட்டா பிராசஸா: கேள்வி பதில்

கே: 8 ஜிபி சிஎஸ்வி, லேப்டாப்பில் 16 ஜிபி ரேம். பாண்டாஸில் (பைத்தானின் அட்டவணை டேட்டா லைப்ரரி) திறந்தால் பாதியிலேயே 'கில்டு' என்று செத்துப்போகிறது. டாஸ்க்குக்கு (Dask, வேலையைப் பல துண்டாகப் பிரித்து ஓட்டும் லைப்ரரி) மாறட்டுமா?

ப: வேண்டாம். இருப்பது ஒரே மெஷின். டாஸ்க் போட்டால் ஷெட்யூலர், பார்ட்டிஷன் என்று பராமரிக்கிற வேலைதான் கூடும். டேட்டா அளவைப்போல 5 முதல் 10 மடங்கு ரேம் வைத்துக்கொள்ளுங்கள் என்று பாண்டாஸை உருவாக்கிய வெஸ் மெக்கின்னியே 2017-ல் எழுதியிருக்கிறார். உங்களிடம் இருப்பது 2 மடங்கு.

முதலில் 'யூஸ்கால்ஸ்' கொடுத்துத் தேவையான காலம்களை (column, நெடுவரிசை) மட்டும் படியுங்கள். மாவட்டம், ரகம் மாதிரி திரும்பத் திரும்ப வரும் எழுத்துக் காலம்களுக்கு 'கேட்டகரி' டைப் கொடுங்கள். பல பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் போலார்ஸ், பாண்டாஸின் வேலையையே செய்யும் இன்னொரு லைப்ரரி. ஆனால் 'ரீட்_சிஎஸ்வி' போட்டுவிட்டு "இதுவும் ரேமைத் தின்கிறது" என்று வராதீர்கள். 'ஸ்கேன்_சிஎஸ்வி' போட்டு, ஃபில்டர், குரூப் பை எல்லாம் எழுதி, கடைசியில் ஸ்ட்ரீமிங் என்ஜினோடு 'கலெக்ட்' பண்ணுங்கள். அப்போதுதான் வேண்டாத காலமும் வரிசையும் படிக்கும்போதே கழியும். அதே ஃபைலை நாளைக்கும் தொடப்போகிறீர்கள் என்றால் ஒருமுறை பார்க்கேவாக (காலம் காலமாகச் சேமிக்கும் ஃபைல் வடிவம்) மாற்றிவிடுங்கள். எஸ்கியூஎல் கைவந்தவர் என்றால் டக்டிபி என்ற டேட்டாபேஸும் இதைச் செய்யும். ரேம் போதாதபோது பெரும்பாலான வேலைகளில் டிஸ்க்கில் இறக்கிக்கொள்ளும்.

இரண்டு குழிகள். போலார்ஸ் முதல் 100 வரிசைகளைப் பார்த்துத்தான் டைப்பை ஊகிக்கும். பின்னால் எங்கோ ஒரு 'இல்லை' வந்தால் எரர். ஸ்கீமாவை, அதாவது எந்தக் காலம் எந்த டைப் என்பதை, நீங்களே கொடுங்கள். பாண்டாஸோ எரர்கூடக் காட்டாது: எண் காலமில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் முழுக் காலமும் ஃப்ளோட் (தசம எண்) ஆகிவிடும். 9007199254740992-ஐத் தாண்டிய எண்களில் கடைசி இலக்கங்கள் மாறலாம். 18 இலக்க ஐடி வைத்து ஜாயின் பண்ணினால் வேறு ஆளோடு பொருந்திவிடலாம். ஐடி என்றால் ஸ்ட்ரிங், அவ்வளவுதான்.

கே: 8 கோர், 8 பிராசஸ் பூல் (வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் 8 தனித்தனி புரோகிராம்கள்). டேட்டாஃபிரேமை (அட்டவணையை) பிரித்துக் கொடுத்தேன். ஒரே பிராசஸில் ஓடியதைவிட மெதுவாக இருக்கிறது.

ப: ஒவ்வொரு துண்டும் பிக்கிள் ஆகி (பைட்டுகளாக மாற்றிக் கட்டப்பட்டு), பைப் வழியாகப் போய், அந்தப் பக்கம் மறுபடி விரிகிறது. கணக்கைவிட இந்தப் போக்குவரத்துக்குத்தான் நேரம். டேட்டாவை அனுப்பாதீர்கள், ஃபைல் பாத்தை மட்டும் அனுப்பி, ஒவ்வொரு பிராசஸும் தன் பங்கைத் தானே படித்து, சுருக்கத்தை மட்டும் திருப்பித் தரட்டும். உள்ளே லீனியர் அல்ஜீப்ரா ஓடினால் அதுவும் ஒவ்வொரு பிராசஸுக்குள்ளும் 8 திரெட் (ஒரே பிராசஸுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) எழுப்பியிருக்கும்: 64 திரெட், 8 கோர். ஓஎம்பி_நம்_திரெட்ஸ் என்ற சூழல் மாறியை 1 ஆக்குங்கள், நம்பையை (NumPy, எண் கணக்கு லைப்ரரி) இம்போர்ட் பண்ணுவதற்கு முன்னால்.

கே: லினக்ஸில் மல்டிபிராசஸிங்குக்குள் போலார்ஸ் ஓட்டினால் அப்படியே நிற்கிறது. எரர் இல்லை, சிபியு 0.

ப: காரணம் ஃபோர்க், அதாவது ஓடும் பிராசஸை அப்படியே நகலெடுப்பது. ஒரு திரெட் பூட்டைப் பிடித்திருக்கும் நொடியில் பிராசஸ் நகலெடுக்கப்பட்டால், பூட்டு நகலாகும். திறக்க வேண்டிய திரெட் நகலாகாது. குழந்தைப் பிராசஸ் முடிவில்லாமல் காத்திருக்கும். 'ஸ்பான்' அல்லது 'ஃபோர்க்சர்வர்' கான்டெக்ஸ்ட் எடுங்கள். பைத்தான் 3.14-ல் லினக்ஸின் டிஃபால்ட்டே ஃபோர்க்சர்வர்தான். அதைவிட நல்லது: பூலையே எடுத்துவிடுங்கள், போலார்ஸ் தானாகவே எல்லாக் கோரையும் பயன்படுத்தும்.

கே: பைத்தான் 3.13-லேயே ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரே திரெட் மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடும் பூட்டு) போய்விட்டதே? இனி மல்டிபிராசஸிங் எதற்கு?

ப: போகவில்லை. ஜிஐஎல் இல்லாத தனி பில்டு வந்திருக்கிறது, 3.13-ல் சோதனை நிலையில். நீங்கள் சாதாரணமாக நிறுவுவதில் ஜிஐஎல் அப்படியே இருக்கிறது.

கே (அதே ஆள்): நான் அந்தத் தனி பில்டில்தான் ஓட்டுகிறேன். 4 திரெட்டிலும் வேகம் ஏறவில்லை.

ப: இம்போர்ட் பண்ணும் சி எக்ஸ்டென்ஷனில் (சி மொழியில் எழுதிய மாட்யூல்) ஒன்றே ஒன்று "ஜிஐஎல் இல்லாமல் ஓடுவேன்" என்று அறிவிக்காவிட்டாலும் பைத்தான் ஜிஐஎல்லைத் திரும்ப இயக்கிவிடும். வார்னிங் ஒரு வரி வரும், லாகில் புதைந்திருக்கும். இம்போர்ட் எல்லாம் முடிந்தபின் 'சிஸ்' மாட்யூலின் '_இஸ்_ஜிஐஎல்_எனேபிள்டு' என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

கே (இடையில் இன்னொருவர்): பைத்தான்_ஜிஐஎல்=0 என்று வைத்தால் தீர்ந்ததே!

ப: ஜிஐஎல் இயங்காது, சரி. அந்த எக்ஸ்டென்ஷன் திரெட்டுக்குப் பாதுகாப்பானது என்று யார் உத்தரவாதம்? கிராஷ் ஆனால் அதிர்ஷ்டம். தப்பான கூட்டுத்தொகை வந்தால் யாருக்கும் தெரியாது.

கே (இடையில் வந்தவரே): அப்படிப் பயந்தால் யாருமே மாற மாட்டார்கள்.

ப: சோதித்துப் பார்க்க மாறுங்கள், சம்பளக் கணக்கு ஓடும் சர்வரில் வேண்டாம். தவிர, நம்பையின் பெரிய அரே கணக்குகளில் பலவும் போலார்ஸின் வேலையும் ஜிஐஎல்லை விட்டுவிட்டுத்தான் ஓடுகின்றன. அங்கே சாதாரண பைத்தானின் திரெட்டே போதும். மாட்டிக்கொள்வது வரிசைக்கு வரிசை 'அப்ளை' போட்டு பைத்தான் ஃபங்ஷனை ஓட்டுகிறவர்கள்தான். அந்த 'அப்ளை'யை எடுத்துவிட்டால் இந்தச் சண்டையே தேவைப்படாது.

கே: வெப் சர்வரின் ஏசிங்க் (async) ஃபங்ஷனுக்குள் பாண்டாஸ் ஓடும்போது மற்ற ரிக்வெஸ்ட் எல்லாம் நிற்கிறது.

ப: நிற்கத்தான் செய்யும், ரிக்வெஸ்ட்களை மாற்றி மாற்றிக் கவனிக்கும் ஈவென்ட் லூப் ஓடுவது ஒரே திரெட்டில். 'டு_திரெட்' வழியாக வெளியே தள்ளுங்கள். உள்ளே 'அப்ளை' இருந்தால் அதுவும் முழுசாக உதவாது, காரணம் மேலே சொன்ன ஜிஐஎல்.

கே: ஆர் மொழியின் டேட்டா.டேபிள் எப்படி?

ப: என் ஏரியா இல்லை. ஆர் எழுதுகிறவர்களைக் கேளுங்கள்.

கே: ஒரே வார்த்தையில், எது வேகம்?

ப: முதல் பதிலைப் படியுங்கள்.

கே: கூனிகார்ன் (பைத்தான் வெப் சர்வர்) பின்னால் போலார்ஸ் சில சமயம் உறைந்துவிடுகிறது. எரர் எதுவும் இல்லை.

ப: எரர் இல்லை, சிபியு 0... மூன்றாவது கேள்விதான் இது. வொர்க்கர் பிராசஸ்களைப் பிரிப்பதற்கு முன்பே ஆப்பை ஏற்றும் 'பிரீலோட்' போட்டிருக்கிறீர்களா? போட்டிருந்தால் தாய்ப் பிராசஸில் போலார்ஸ் ஓடியபிறகு ஃபோர்க் நடக்கிறது. பிரீலோடை எடுங்கள், அல்லது போலார்ஸைத் தொடும் வேலையையெல்லாம் வொர்க்கருக்குள் தள்ளுங்கள்.