வாசகர் கேள்வி – பதில்: சமையலறை விளக்குகளை எங்கே பொருத்துவது?

கேள்வி: கும்பகோணத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சமையலறை பத்துக்கு எட்டு அடி. மேடை ‘எல்’ வடிவம். மேடைக்கு மேலே ஏழடி உயரத்தில் இரண்டடி அகலப் பரண் வார்த்தாகிவிட்டது. அடுத்த வாரம் சுவரை வெட்டி ஒயரிங் குழாய் பதிக்கப் போகிறார்கள். வாசல் நிலைக்கு மேலே ஒரு டியூப்லைட் போதும் என்கிறார் எலக்ட்ரீஷியன். எழுபது வயதான என் மாமியாரும் அங்கேதான் சமைப்பார். ஒரு விளக்கு போதுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. குழாய் பதிப்பதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, ஏனெனில் பூச்சு வேலை முடிந்தபின் இதைச் சரிசெய்வது பெரும்பாடு.

மேடையை நோக்கி நிற்பவருக்கு, வாசலுக்கு மேலிருக்கும் விளக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கிறது; எனவே அவருடைய தலையின் நிழலும் தோளின் நிழலும் கத்தி பிடித்த கையின் மேலேயே விழும். என் தாயார் பல ஆண்டுகள் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து காய் நறுக்கியது பழக்கத்தால் அல்ல, சமையலறையில் காய் சரியாகத் தெரியாததால்தான் என்பது எனக்கு மிகத் தாமதமாகவே புரிந்தது.

கணக்கையும் பார்த்துவிடுவோம். 20 வாட் எல்இடி டியூப் ஏறத்தாழ 2,000 லூமென் ஒளி தரும்; விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவுதான் லூமென். உங்கள் அறையின் பரப்பு சுமார் 7.4 சதுர மீட்டர். சுவரும் பரணும் பாதி ஒளியை விழுங்கிவிடும் என்று கொண்டால், கிடைப்பது 130 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) அளவுதான். நடமாட இது போதும். ஆனால் பருப்பில் கல் பொறுக்கவும், கீரையில் புழு இருக்கிறதா என்று பார்க்கவும் மேடையின் மேல் 300 முதல் 500 லக்ஸ் வரை வேண்டும். அறுபது வயதைக் கடந்தவரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே போய்ச் சேருகிறது. ஆகவே உங்கள் மாமியாரை மனத்தில் வைத்து, மேல் அளவையே இலக்காகக் கொள்ளுங்கள்.

வழி உங்கள் பரணிலேயே இருக்கிறது. கூரையில் எத்தனை விளக்கு போட்டாலும் அந்தப் பரண் மேடையை மறைக்கும். அதனால் பரணின் அடிப்பக்கத்தில், முன்விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளி, மேடையின் ஒவ்வொரு கைக்கும் ஒன்றாக நான்கடி நீள 20 வாட் எல்இடி டியூப் பொருத்தச் சொல்லுங்கள். ஒளி நிற்பவருக்கு முன்னால் விழும். பொது விளக்கின் ஒளியும் சேரும்போது தேவையான அளவு கிடைத்துவிடும். டியூப் கண்ணில் நேராகப் படாதிருக்க, பரணின் விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு மரப்பட்டி இறக்கிவிட வேண்டும். விளக்கைப் பின்சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். ஓடுதான் பளபளக்கும், காய் நறுக்கும் இடம் மங்கலாகவே இருக்கும். பிற்பாடு பரணுக்குக் கீழே அலமாரி செய்யும் எண்ணம் இருந்தால் விளக்கு அலமாரியின் அடிக்கு இறங்க வேண்டியிருக்கும்; அதற்கான ஒயரை இப்போதே விட்டு வையுங்கள்.

நிறத்தில் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் குறிப்பார்கள்; எண் கூடக் கூட ஒளி நீலம் பக்கம் போகும். கடைக்காரர் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் 6,500 கெல்வின் விளக்குதான். அதன் நீலம் கலந்த வெள்ளையில் மஞ்சளும் மிளகாயும் வெளிறித் தெரியும். 4,000 கெல்வின் கேட்டு வாங்குங்கள். பெட்டியின் மேல் சிஆர்ஐ என்ற எண் இருக்கும்; பொருள்களின் நிறத்தை விளக்கு எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்வது அது. 90 கிடைத்தால் சற்றுக் கூடுதல் விலை கொடுக்கலாம். வெங்காயம் பொன்னிறமாகிவிட்டதா, நிலக்கடலையில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்பதெல்லாம் நிறத்தை வைத்துத்தானே தெரிகிறது!

பொது விளக்குக்கும் மேடை விளக்குகளுக்கும் தனித்தனி சுவிட்ச் வேண்டும். மேடை சுவிட்ச் தொட்டியிலிருந்து தள்ளியே இருக்கட்டும். இன்வெர்ட்டர் வைப்பதாக இருந்தால் அதன் இணைப்பை மேடை விளக்குக்கே கொடுக்கச் சொல்லுங்கள். மின்சாரம் போகும் நேரத்தில் அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கலாம். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் மூடியுள்ள விளக்காகப் போடுங்கள். எண்ணெய்ப் புகை படிந்தால் ஒளி குறையும், மூடியிருந்தால் அணைத்துவிட்டுத் துடைப்பது எளிது.

கேள்வி: நாங்கள் சென்னையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சுவரில் துளை போட உரிமையாளர் சம்மதிக்கவில்லை. மேடை இருட்டாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: ஒயரும் பிளக்கும் சேர்ந்தே வரும் மெல்லிய எல்இடி பட்டை விளக்குகள் கிடைக்கின்றன. இரண்டடி நீளத்தில் ஒன்றை வாங்கி, மேல் அலமாரியின் அடியில் முன்விளிம்பை ஒட்டி இருபக்கப் பசை நாடாவால் பொருத்துங்கள்; ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இருக்கக் கூடாது. ஒயர் அடுப்பின் மேலோ தொட்டியின் மேலோ போகாதபடி அலமாரியின் ஓரமாகவே கொண்டுசெல்லுங்கள். மிக்ஸிக்கான பிளக்கில் மல்டிபிளக் மாட்டி இதையும் செருகாமல், வேறொரு பிளக் பாயின்டிலிருந்து இணைப்பு எடுப்பதே பாதுகாப்பு. வீடு மாறும்போது விளக்கைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்லலாம்.