பிஞ்சுக் கைகளும் தோட்ட மண்ணும்: வாசகர் கேள்வி – பதில்

(பதில் அளிப்பவர்: மதுரையில் பாலர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்)

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். பால்கனியில் காலை வெயில் மட்டும்தான். மூன்று வயது மகளுடன் எதை விதைக்கத் தொடங்கலாம்? குழந்தைகளுக்கென்று கடையில் விற்கும் தோட்டப் பெட்டியை வாங்கலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பெட்டி வேண்டாம் அம்மா. உங்கள் அஞ்சறைப் பெட்டியும் பருப்பு டப்பாவும் போதும். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளை மறுநாள் என்பதே வெகு தூரம். அதனால் முதல் விதை சட்டென்று முளைப்பதாக இருக்க வேண்டும்.

முழுப் பாசிப்பயறு கொஞ்சம், கறுப்புக் கொண்டைக்கடலை கொஞ்சம் எடுத்து இரவில் ஊறப்போடுங்கள். அந்த வேலையும் அவளுடையதாக இருக்கட்டும். காலையில் ஊறிய கடலையையும் ஊறாத கடலையையும் அவள் உள்ளங்கையில் அருகருகே வையுங்கள். பிறகு இரண்டு தொட்டிகளில் விரலால் குழி போட்டு, தனித்தனியாக விதைக்கச் சொல்லுங்கள்.

ஒரு வாரத்துக்குள் இரண்டும் முளைத்துவிடும். ஆனால் ஒரே மாதிரி முளைக்காது. பாசிப்பயறு தன் இரண்டு பருப்புகளையும் மண்ணுக்கு மேலே தூக்கிக்கொண்டு வரும். முதலில் தண்டு வளைந்து தலை குனிந்திருக்கும், பிறகு நிமிரும். சில முளைகளின் தலையில் பச்சைத் தோல் கழலாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். கொண்டைக்கடலையோ, பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தளிரை மட்டும் மேலே அனுப்பும். “கடலை எங்கே போச்சு?” என்று அவள் கேட்பாள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். ஒரு செடியைத் தோண்டிப் பார்க்க விடுங்கள். ஒரு செடி போனால் போகட்டும்.

அடுத்த முறை, உடைத்த பாசிப்பருப்பையும் ஒரு ஓரத்தில் போடச் சொல்லுங்கள். அது ஏன் முளைக்கவில்லை என்ற பேச்சு ஒரு வாரத்துக்குத் தாங்கும். அதன்பின் வெந்தயம். மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். மூன்று வாரத்தில் கீரையாகக் கிள்ளிச் சாம்பாரில் போடலாம்.

இரண்டு வயது மகன் தொட்டி மண்ணை வாயில் போட்டுக்கொள்கிறான். தோட்டப் பக்கமே விடக்கூடாது என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல்

உங்கள் மாமியாரின் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தோட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் எதையும் வாயில் வைத்துத்தான் பார்ப்பார்கள். அவன் இருக்கும்போது பச்சைச் சாணமும் சரியாக மக்காத குப்பை உரமும் வேண்டாம். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதைத் தோட்ட வேலையின் கடைசிப் பகுதியாகவே ஆக்கிவிடுங்கள். அங்கன்வாடியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையைத் தவறவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வயதை ஒட்டிப் போடும் ஊக்கத் தவணையில் ரணஜன்னிக்கான மருந்தும் உண்டு.

ஒருமுறை வாயில் போட்டுத் துப்பினால் கவலை இல்லை. தேடித்தேடித் தின்கிறான் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

ஐந்து வயது மகள் ஆசையாக வளர்த்த தக்காளிச் செடி வாடிச் செத்துக்கொண்டிருக்கிறது. அவள் தூங்கும்போது நர்சரியிலிருந்து அதே உயரச் செடி ஒன்றை வாங்கி வைத்துவிடலாம் என்கிறார் என் கணவர். அப்படிச் செய்யலாமா?
– வாசகி, ஈரோடு

தயவுசெய்து வேண்டாம். அவர் அன்பினால் சொல்கிறார், புரிகிறது. ஆனால் அந்தச் செடியைத் தினமும் பார்த்தவள் உங்கள் மகள். எந்தக் கிளை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அவளுக்குத் தெரியும். கண்டுபிடித்துவிட்டால், செடி போன வருத்தத்தோடு நீங்கள் மறைத்த வருத்தமும் சேரும். கண்டுபிடிக்காவிட்டால் இன்னும் நஷ்டம்: தான் என்ன செய்தாலும் செடி பிழைக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

அவளோடு உட்கார்ந்து செடியைப் பிடுங்குங்கள். வேரை ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசிக் காட்டுங்கள். நல்ல வேர் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பேறி, விரலால் உருவினால் தோல் கழன்று வரும், நாற்றமும் அடிக்கும். தொட்டியைக் கவிழ்த்து அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வளர்க்கும் செடி பெரும்பாலும் தண்ணீர் மிகுந்துதான் போகிறது. “நீதான் அதிகமாக ஊற்றினாய்” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேரைப் பார்த்தால் அவளே சொல்வாள். அழுதால் அழட்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள். வேறு பேச்சுக்கு இழுக்காதீர்கள்.

இனி ஊற்றும் முன் மண்ணில் விரலை இரண்டாவது கணு வரை விட்டுப் பார்ப்பது அவள் வேலை. ஈர மண் ஒட்டினால் அன்று தண்ணீர் இல்லை. அடுத்து என்ன விதைப்பது என்பதையும் அவளே சொல்லட்டும். என்னைக் கேட்டால் வெண்டை என்பேன். சுமார் 40 நாளில் பூத்துவிடும். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு. பூ ஒரே நாள்தான். அது உதிர்ந்ததும் பிஞ்சைத் தினமும் ஒரு நூலால் அளந்து, அந்த நூலை நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குள் காய் பறிக்கும் அளவுக்கு வந்துவிடும். நூல்களைப் பார்த்தாலே அது எவ்வளவு வேகம் என்று தெரியும்.

கறிவேப்பிலைச் செடியில் புழு. மருந்து அடிக்கப் போனால் என் மகன் அழுகிறான். என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், தஞ்சாவூர்

மகன் பக்கம்தான் நான். முதலில் அது என்ன புழு என்று பாருங்கள். சிறிதாக, பறவை எச்சம் விழுந்தது மாதிரிக் கறுப்பும் வெள்ளையுமாக இருந்து, வளர்ந்ததும் பச்சையாக மாறுகிறதென்றால் அது பட்டாம்பூச்சியின் புழு. எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும் வகைகள் உண்டு. ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னால் இரட்டைக் கொம்பு ஒன்றை நீட்டும். கூடவே ஒரு நெடி வரும். பயமுறுத்துவதோடு சரி, கடிக்காது.

இரண்டு மூன்று புழுக்களை விட்டுவைத்தால் செடி செத்துவிடாது, மறுபடியும் துளிர்க்கும். கூடு கட்டிய கிளையை மட்டும் ஒடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய பத்து நாளில் பட்டாம்பூச்சி வெளியே வரும். இறகு கசங்கியிருக்கும், விரிந்து காயும் வரை கை வைக்கக்கூடாது என்று மகனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

முருங்கையில் அப்பும் கம்பளிப்பூச்சி வேறு. அதன் ரோமம் பட்டால் தடிக்கும். பிள்ளைகளை அந்த மரத்தடிக்கே விட வேண்டாம்.

விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். வீட்டைச் சுற்றி அரளியும் வேலியில் குன்றிமணிக் கொடியும் உண்டு. வெட்டிவிடவா?
– வாசகர், கோவில்பட்டி

குன்றிமணிக் கொடியை எடுத்துவிடுங்கள் ஐயா. சிவப்பும் கறுப்புமான அந்த மணி பிள்ளைகளைக் கூப்பிடும். மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அரளியில் எல்லாப் பாகமும் நஞ்சு. பொன்னரளிக் கொட்டை மிக மோசம். ஊமத்தையும் ஆமணக்கும் இருந்தால் அவற்றையும் அகற்றுங்கள். பூசைக்கு அரளி வேண்டுமென்றால் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒன்றை வையுங்கள். வெட்டிய கிளைகளை எரிக்க வேண்டாம். அந்தப் புகையும் ஆகாது. யாராவது கடித்துவிட்டால் கைவைத்தியம் பார்க்காதீர்கள், விரல் விட்டு வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். 108-ஐ அழைத்து, கடித்த இலையோ கொட்டையோ ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.