கிட்டாரிஸ்ட் மாறும்போது – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆங்கில ராக் குழுவான டீப் பர்பிளின் 1972 ஜப்பான் நேரலைப் பதிவையும், பின்னாளில் கிட்டார் வாசித்த ஸ்டீவ் மோர்ஸ் காலப் பதிவுகளையும் மாறி மாறிக் கேட்கிறேன். அதே பாட்டு வேறு பாட்டாக ஒலிக்கிறது. சுற்றுப்பயணத்தின் நடுவே கிட்டாரிஸ்ட் விலகினால் புதியவர் எப்படிச் சமாளிக்கிறார்? எங்கள் குழுவிலும் ஆள் மாறியிருக்கிறார். அவர்களுடைய ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ சரியாக உட்கார மறுக்கிறது.

ர.

அன்புள்ள ர.,

டீப் பர்பிளின் முதல் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் 1993 நவம்பர் 17 அன்று ஹெல்சிங்கி கச்சேரியோடு விலகினார். டிசம்பர் தொடக்கத்திலேயே ஜப்பான் கச்சேரிகள். ஜோ சாட்ரியானி வந்து வாசித்தார். 1994 கோடையில் ஐரோப்பாவிலும் அவர்தான். அவருக்கு வேறு ஒப்பந்தம் இருந்ததால் அந்த நவம்பரில் மெக்சிகோ கச்சேரி தொடங்கி மோர்ஸ் வாசித்தார். 2022 வரை அவரே இருந்தார், பிளாக்மோரின் இரண்டு காலகட்டங்களையும் கூட்டினாலும் எட்டாத நீளம். இப்போது சைமன் மக்பிரைட்.

இவ்வளவு சீக்கிரம் ஒருவர் உள்ளே வர முடிவதற்குக் காரணம் அந்தப் பாடல்களின் கட்டமைப்பு. ரிஃப்பும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எல்லாரும் சேர்ந்து நிறுத்தும் இடங்களும் மாறாதவை. சோலோ, அதாவது தனி வாசிப்பு, பெரும்பாலும் அவரவர் கையில். ‘ஹைவே ஸ்டார்’ விதிவிலக்கு: அந்த சோலோ ஸ்வரம் ஸ்வரமாக முன்பே கட்டப்பட்டது, கேட்பவர்களுக்கு மனப்பாடம். அதை மாற்றினால் பாட்டே குறைபட்டுப்போகும். புதியவர் முதலில் பழக வேண்டியது அதைத்தான். கூடவே, சோலோ முடிகிறது என்று யார், எந்தச் சைகையால் காட்டுவார் என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகையில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

ஒலி வேறாக இருப்பதற்கு வருகிறேன். குழுவின் கீபோர்டு கலைஞர் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை, கிட்டாருக்குப் பயன்படும் மார்ஷல் ஆம்ப் (ஒலிபெருக்கி) வழியாக ஓட்டினார். ஆகவே ஆர்கனும் கிட்டாரைப் போலவே கரகரக்கும். பிளாக்மோரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் ஒலி மெலிந்து, கூர்மையாக மேலே நிற்கும். ஒலியின் கீழ்நடுப் பகுதி ஆர்கனுக்கென்று விடுபடும். மோர்ஸின் மியூசிக் மேன் கிட்டாரில் ஹம்பக்கர்கள் (இரு சுருள் கொண்ட பிக்கப்கள்) உண்டு. அதன் தடித்த ஒலி ஆர்கனின் இடத்திலேயே வந்து அமர்கிறது. நீங்கள் கேட்ட வித்தியாசத்தில் பாதி இதுவே என்பேன்.

ஆர்கன் எவ்வளவு தாங்கும் என்பதற்கு 1975 டிசம்பர் 15, டோக்கியோ புடோக்கான் பதிவைக் கேளுங்கள். பிளாக்மோர் முதல்முறை விலகியபின் அவர் இடத்தில் வந்த டாமி போலினின் இடது கை அன்று சரியாக இயங்கவில்லை. கிட்டாரின் பகுதிகளையும் லார்டே ஏற்று வாசித்தார். ஒரு நல்ல கலைஞனை அந்த நிலையில் கேட்பது வேதனைதான்.

இனி உங்கள் ரிஃப். பலர் இதை ஆறாவது, ஐந்தாவது தந்திகளில் பவர் கார்டாக (அடிஸ்வரமும் அதன் ஐந்தாம் ஸ்வரமும் சேர்ந்தது) வாசிக்கிறார்கள். அது பேஸ் கிட்டாரோடு மோதிக் கலங்கிவிடும். நான்காவது, மூன்றாவது தந்திகளைச் சேர்த்தே வாசியுங்கள் (எண்கள் ஃப்ரெட் கட்டங்கள்): திறந்த தந்தி, 3, 5, திறந்த தந்தி, 3, 6, 5, திறந்த தந்தி, 3, 5, 3, திறந்த தந்தி. பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வேண்டாம். பிக் தந்திகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் தொடும்; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே கணத்தில் எழும், ஆர்கன் கட்டைகளை அழுத்துவதைப் போலவே. கெயினை (ஒலியைக் கரகரக்க வைக்கும் ஆம்ப் குமிழ்) நீங்கள் நினைப்பதைவிடக் குறையுங்கள். கிட்டார் மட்டும் முதலில் போகட்டும், பேஸ் கடைசியில் நுழையட்டும். கீபோர்டு வாசிப்பவரும் வேறு ஸ்வரம் எதையும் சேர்க்காமல் அதே இரண்டு ஸ்வரங்களை மட்டும் பிடிக்க வேண்டும். உங்கள் புதியவர் ஹம்பக்கர் கிட்டார்காரர் என்றால், ரிஃப்பின்போது வால்யூம் குமிழை ஏழுக்கு இறக்கி, சோலோவில் ஏற்றச் சொல்லுங்கள்.