குட்டையில வேலம்பாசி மண்டிக்கிடக்கு, புல்கெண்டை விட்டா போயிடுமா?

போகும், ஆனா என்ன களைன்னு முதல்ல பாருங்க. வேலம்பாசியும் மேல மிதக்குற குட்டி இலைப் பாசியும் புல்கெண்டைக்கு பிரியாணி மாதிரி, ஆகாயத்தாமரைய மட்டும் அது சீண்டவே சீண்டாது, அத கையாலதான் அள்ளிப் போடணும். 1959ல ஹாங்காங்ல இருந்து இந்தியாவுக்குக் கொண்டு வந்த மீன் இது. வாயில பல்லு கெடையாது, தொண்டைக்குள்ள இருக்கு, அதுலதான் தழைய அரைக்கும், நல்ல வெயில் காலத்துல ஒரு நாளைக்கு தன் எடை அளவுக்கே திங்கும்.

விரல் நீளக் குஞ்சா வாங்கி விட்டுடாதீங்க, உள்ள விரால் இருந்தா காலி, ஒரு சாண் சைஸாவது இருக்கணும். அப்புறம் மழைக்கு குட்டை நிரம்பி வழிஞ்சா மீன் அதோட போயிடும், போக்கு வாயில வலை கட்டுங்க. தின்னதுல பாதி செரிக்காம கழிவாத்தான் வரும், அதனால தண்ணி பச்சையாகும், பயப்படாதீங்க, அதுல கட்லா, வெள்ளிக்கெண்டை நல்லா வளரும். ஆமா, அல்லி தாமரை ஆசையா வச்சிருந்தீங்கன்னா அதோட குருத்தையும் விடாது.

தேங்குன தண்ணில இது முட்டை வச்சு பெருகாது, பிடிச்சு வித்தீங்கன்னா மறுபடி குஞ்சு வாங்கித்தான் விடணும்.