டெஸ்ட் டேட்டா ரெக்கார்டுகளை ஒன்றோடொன்று எப்படி இணைப்பது?

சாஃப்ட்வேரைச் சோதிக்க உருவாக்கும் டேட்டாவில் வாடிக்கையாளர் ஒரு ஃபைலில், முகவரி இன்னொன்றில், ஆர்டர் மூன்றாவதில் இருக்கிறது, எப்படிக் கோர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வரிசை எண்ணை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், நான் பட்டுவிட்டேன்.

எங்களிடமும் மூன்று சிஎஸ்வி ஃபைல்கள் (கமாவால் பிரித்து எழுதும் அட்டவணைகள்). ஆர்டர் ஃபைலின் ஏழாவது வரி, வாடிக்கையாளர் ஃபைலில் ஏழாவதாக இருப்பவருடையது. இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. புதிதாக வந்த ஒருவர், தேடச் சுலபமாக இருக்கட்டும் என்று வாடிக்கையாளர் ஃபைலை அகரவரிசைப்படுத்திச் சேமித்துவிட்டார். அவர் மேல் தப்பே இல்லை. ஒருவர் ஆர்டர் இன்னொருவர் கணக்கில் போய் உட்கார்ந்தது, ஆனாலும் டெஸ்ட் அத்தனையும் பச்சை, அதாவது பாஸ்! ஆர்டர் பக்கம் திறக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தோம், அதில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கவில்லை. அப்புறம் லைவில் டெலிவரி முகவரி மாறி வருகிறது என்று புகார் வந்து, டெஸ்ட் சர்வரில் போய்ப் பார்த்தால் அங்கே எல்லாமே மாறித்தான் கிடக்கிறது. எது அப்ளிகேஷன் தப்பு, எது எங்கள் டேட்டா தப்பு என்று பிரிக்கவே மூன்று நாள் போனது.

இப்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வைக்கிறோம்: 'முகவரி_இல்லாதவர்', 'இரண்டு_ஆர்டர்_உள்ளவர்' என்கிற மாதிரி. ஆர்டர் ஃபைலில் அந்தப் பெயருக்கென்று ஒரு நெடுவரிசை. டெஸ்ட் ஓடும்போது முதலில் வாடிக்கையாளரைச் சேர்த்து, டேட்டாபேஸ் தருகிற ஐடி எண்ணை அந்தப் பெயரோடு வைத்துக்கொண்டு ஆர்டரில் போடுகிறோம். ஐடியை நேரடியாக ஃபைலில் எழுதாதீர்கள். ரோல்பேக் செய்தால், அதாவது செய்த மாற்றங்களை டேட்டாபேஸில் திரும்பப் பெற்றால், வரிகள் போய்விடும், ஆனால் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஐடி எண்களைத் தரும் சீக்வென்ஸ் பின்னால் திரும்பாது. நேற்று 41 ஆக இருந்தவர் இன்று 58 ஆக இருப்பார். அழிக்கும்போது முதலில் ஆர்டர், அப்புறம்தான் வாடிக்கையாளர். எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் ஓட்டுகிறீர்கள் என்றால் ஃபாரின் கீ சோதனை (ஆர்டரில் சொன்ன வாடிக்கையாளர் உண்மையில் இருக்கிறாரா என்று பார்ப்பது) இயல்பாக அணைந்தே இருக்கும், நீங்கள்தான் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆளில்லாத ஆர்டரையும் அது பேசாமல் ஏற்றுக்கொள்ளும்.

ஃபேக்டரி (டெஸ்ட் டேட்டாவை உருவாக்கித் தரும் கோட்) எழுதினால் ஃபைலே வேண்டாமே என்று யாராவது கீழே சொல்வார்கள். சரி, கோட் எழுதுபவர்கள் மட்டும் உள்ள டீமுக்கு அது நல்ல வழிதான். எங்களிடம் டேட்டா சேர்ப்பவர்களில் பாதிப் பேர் கோட் எழுதாதவர்கள், அவர்களுக்கு ஃபைல்தான் வசதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வேலைக்கும் எஸ்டிமேட்டில் ஒரு மணி நேரம்கூட ஒதுக்குவதில்லை, டெஸ்ட் டேட்டா தானாக முளைத்துவிடும் என்று நினைக்கிறார்கள். அந்த மூன்று நாளையும் 'டெஸ்டிங் தாமதம்' என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதினார்கள், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.