ஓப்பன் சோர்ஸில் பங்களிக்க, நிரல்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தின் பக்கமே போதுமா, இல்லை விம், ஈமேக்ஸ் போன்ற எடிட்டர்கள், மெயிலில் பேட்ச் (மாற்றிய வரிகள் மட்டும் அடங்கிய துண்டு) அனுப்புவது எல்லாம் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமா?

நான் எட்டு வருடமாக விம் ஆள். அதனால் என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று யூகித்திருப்பீர்கள். ஆனால் என் முதல் இருபது, முப்பது பங்களிப்புகள் பிரவுசரிலிருந்தே போனவை. கிட்ஹப்பில் பென்சில் படத்தை அழுத்தினால் போதும், அதுவே ஃபோர்க் (உங்கள் பெயரில் ஒரு நகல்) எடுத்து, பிராஞ்ச் (தனிக் கிளை) போட்டு, புல் ரிக்வெஸ்ட் ("இந்த மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்ற கோரிக்கை) வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிடும். மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் நிறுவாத கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆவணங்களில் பிழை திருத்தியிருக்கிறேன். அதெல்லாம் பங்களிப்பே இல்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

மெயில் பக்கம் என்னைத் தள்ளிவிட்டது லினக்ஸின் மையமான கர்னல். கிட்ஹப்பில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரில் கர்னல் இருக்கிறதே என்பீர்கள். அது நகல்தான், அங்கே புல் ரிக்வெஸ்ட் போட்டால் உள்ளே போகாது. மாற்றத்தை பேட்ச் ஆக்கி, அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கும் மடற்குழுவுக்கும் மெயிலில் அனுப்ப வேண்டும். யார் யாருக்கு என்று சொல்ல கெட்-மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்ட் கர்னலுக்குள்ளேயே உண்டு.

நான் எடுத்தது ஸ்டேஜிங் பகுதியில் ஒரு டிரைவர். புதியவர்கள் கை பழகும் இடம் அது. மூன்று வரி மாற்றம். டிஃப்பை (பழைய, புதிய வரிகளின் வித்தியாசம்) காப்பி செய்து, எப்போதும் பயன்படுத்தும் மெயில் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, ஒட்டி அனுப்பிவிட்டேன். ஒரு மணி நேரத்தில் பதில், ரெண்டே வரி: பேட்ச் சிதைந்திருக்கிறது, மெயில் செயலிகள் பற்றிய ஆவணத்தைப் படியுங்கள்.

நடந்தது இதுதான். கர்னல் நிரலில் உள்தள்ளல் எல்லாம் டேப் எழுத்து. ஒட்டும்போது டேப்கள் வெற்றிடங்களாக மாறிவிட்டன, நீளமான வரிகள் ரெண்டாக மடிந்துவிட்டன. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் பேட்ச் பொருந்த வேண்டுமானால் மாற்றத்துக்கு மேலும் கீழும் இருக்கும் வரிகள் மூலக் கோப்போடு அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். ஒரு டேப் மாறினாலும் கிட் ஏற்காது.

ஒரு சனிக்கிழமை அரை நாள் செலவழித்து, பேட்சைச் சிதைக்காமல் மெயிலில் அனுப்பும் கிட் சென்ட்-ஈமெயிலை அமைத்தேன். ரெண்டாவது பதிப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இந்த முறை வந்த பதிலில் நிரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கமிட் குறிப்பை, அதாவது கிட்டில் பதிவாகும் ஒவ்வொரு மாற்றத்தோடும் எழுதும் விளக்கத்தைப் பற்றி, "என்ன மாற்றினாய் என்று டிஃப்பிலேயே தெரிகிறது, ஏன் மாற்றினாய் என்று எழுது" என்ற பொருளில் ஒரு பத்தி இருந்தது. ரெண்டு வருடம் புல் ரிக்வெஸ்ட் போட்டவனுக்கு அதுவரை ஒருவரும் இதைச் சொன்னதில்லை.

யோசித்தால் காரணம் எளிது. மெயிலில் கமிட் குறிப்பின் முதல் வரிதான் மடலின் தலைப்பு, மீதிதான் மடலின் உடல். ரிவ்யூ செய்பவர் முதலில் படிப்பதே அதைத்தான், பதிலும் அதன் வரிகளுக்குக் கீழேயே எழுதலாம். கிட்ஹப் புல் ரிக்வெஸ்டில் நிரலின் எந்த வரிக்கும் கருத்து போடலாம், கமிட் குறிப்பின் வரிக்குப் போட முடியாது. அதனால்தான் "ஃபிக்ஸ்", "ஃபிக்ஸ் 2", "இப்போதாவது ஓடு" என்று கமிட்கள் குவிகின்றன. ஆனால் இது இணையக் கருவிக்கே உரிய குறை என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டும் கோ மொழியும் பயன்படுத்தும் கெரிட் என்ற ரிவ்யூ கருவியும் பிரவுசரில் ஓடுவதுதான். அது கமிட் குறிப்பையும் ஒரு கோப்பு போலக் காட்டி, அதில் வரிவரியாகக் கருத்து கேட்கிறது. லினஸ்கூட 2012-இல் கிட்ஹப்பின் புல் ரிக்வெஸ்டைக் கடுமையாகக் குறை சொன்னபோது, நிரல் களஞ்சியம் வைத்துக்கொள்ள அது நல்ல இடம் என்பதை மறுக்கவில்லை. கிட்டை 2005-இல் எழுதியவர், 2008-இல் வந்த தளத்தைப் பார்த்துச் சொன்னது!

என் கணக்கில், பிரவுசர் அனுப்புகிறவரின் வேலையைக் குறைக்கிறது. எடிட்டரும் மெயிலும் வாங்கிப் படிக்கிறவரின் வேலையைக் குறைக்கின்றன. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மடல் பார்க்கும் பராமரிப்பாளரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எல்லாம் மட் போன்ற ஒரே மெயில் செயலியில், ஒரே விசைப்பலகை அசைவில் நடக்கிறது. பி4 என்ற கருவி, ஒரு மடல் தொடரிலிருந்து எல்லா பேட்ச்களையும் இழுத்து, யார் யார் ரிவ்யூ செய்தார்கள் என்ற வரிகளையும் சேர்த்துக் கொடுத்துவிடும். ரயிலில் நெட் இல்லாமல் படித்து, பதில் எழுதி வைத்து, ஊர் வந்ததும் அனுப்பலாம். இதே ஆளை நாற்பது பிரவுசர் டேப் திறக்கச் சொன்னால் ஓடிவிடுவார்.

மெயில் முறை புனிதமானது என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் பேட்சுக்குப் பதிலே வராமல் போகலாம். மறந்தார்களா, பிடிக்கவில்லையா, வரிசையில் இருக்கிறதா, தெரியாது. சோதனைகள் ஓடிப் பச்சை டிக் விழுகிற நிம்மதி கிடைக்காது. பைத்தான் 2017-இல் கிட்ஹப்புக்குப் போனதும், லினக்ஸ் டெஸ்க்டாப்பான க்னோம் 2018-இல் கிட்ஹப் போன்ற கிட்லேபுக்குப் போனதும், கம்பைலர் திட்டமான எல்எல்விஎம் 2023-இல் ஃபாப்ரிகேட்டர் என்ற ரிவ்யூ கருவியை விட்டு கிட்ஹப் புல் ரிக்வெஸ்டுக்கு மாறியதும் சும்மா இல்லை. ரிவ்யூவை மெயிலில் மட்டுமே நடத்தும் கிட் திட்டத்துக்கே கிட்கிட்கேஜெட் என்ற பாலம் இருக்கிறது. நீங்கள் புல் ரிக்வெஸ்ட் போட்டால் அது பேட்ச் மடலாக்கி மடற்குழுவுக்கு அனுப்பிவிடும்.

இன்னொரு பக்கம் மொழிபெயர்ப்பு. அதில் நான் எடிட்டர் கட்சியை விட்டே விலகிவிட்டேன். முன்பு தமிழாக்கத்துக்கு பிஓ கோப்பை (மூல வரிகளும் மொழிபெயர்ப்பும் சேர்ந்த கோப்பு) தரவிறக்கி விம்மில்தான் திருத்துவேன். முழுக் கோப்பும் கண் முன்னால் இருப்பதால் "சேமி" என்று ஓரிடத்திலும் "பதிவுசெய்" என்று இன்னோரிடத்திலும் இருப்பது உடனே தெரியும். அது உண்மையான வசதி. ஆனால் ஒரு மேற்கோள் குறி விட்டுப்போனால் கோப்பே தொகுக்காது. நல்ல தமிழ் எழுதும் ஒரு ஆசிரியையிடம் போய் மேற்கோள் குறியையும், கமிட்களைத் திருத்தி அடுக்கும் ரீபேஸையும் பற்றி வகுப்பெடுப்பது நியாயமா? பிரவுசரிலேயே மொழிபெயர்க்கும் வெப்லேட்டில் அவர் பெட்டியில் தமிழை எழுதுகிறார், கமிட் அவர் பெயரிலேயே கிட்டில் விழுகிறது. சொல் ஒருமைப்பாட்டை நான் பிறகு கோப்பை இழுத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

சரி, உங்களுக்கு என்ன செய்யலாம்? சேர விரும்பும் திட்டத்தில் கான்ட்ரிப்யூட்டிங் என்ற கோப்பைத் திறந்து, அவர்கள் எதைக் கேட்கிறார்களோ அதையே செய்யுங்கள். நம் ருசிக்கு அங்கே மதிப்பில்லை. ஒரே கோப்பில் சின்னத் திருத்தம் என்றால் பிரவுசரே போதும். ஒரே வேலைக்கு மூன்று நான்கு கமிட் தேவைப்படும் நாள் வரும்போது, உங்களுக்குப் பிடித்த எடிட்டரோடு "git rebase -i" கட்டளையைக் கற்றுக்கொள்ளுங்கள். விம்தான் என்றில்லை, விஎஸ் கோடிலும் அந்த வேலை நடக்கும்.

கர்னல் பக்கம் போவதாக இருந்தால் மட்டும் ஒன்று: முதல் பேட்சை உங்கள் முகவரிக்கே அனுப்பி, வந்த மடலைக் கோப்பாகச் சேமித்து, மடலிலிருந்து பேட்சைப் பொருத்தும் கிட் ஏஎம் கட்டளை அதை ஏற்கிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. அந்த ரெண்டு வரி பதில் எனக்கு வந்த பிறகுதான் இப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தெரிந்தது.